மனித வளர்ச்சியை அறியும் முறை

ஒரு குழந்தை பிறந்தவுடனே, அது எவ்வாறு வளரும் என்பதைப் பற்றிப் பலரும் பலவாறாகக் கூறத் தொடங்கிவிடுகின்றனர். சோதிடர் நாளையும் கோளையும் பார்த்துக் கூறுகிறார். வீட்டிலுள்ள முதியோர், பாட்டன் குணம் பேரனுக்கு வரும் என்கின்றனர். அயலார், விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கின்றனர். சில ஆண்டுகள் சென்றபின் பள்ளி ஆசிரியர் ஒருவர், "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார். அத்தீர்ப்பைப் பெற்றோரும் நம்பிவிடுகின்றனர். நாளடைவில் அப்பிள்ளையும் நம்பிவிடுகிறது. ஆனால் இவர்களுள் எவரும் ஒரு வினாவுக்கு விடை கூறுவதில்லை. "நீங்கள் கூறுவதை எவ்வாறு அறிந்தீர்கள்?" என்பதே அவ்வினா.

மனிதனின் வளர்ச்சியை ஆராயும் உளநூற் பிரிவு இவ்வினாவிலிருந்தே தொடங்குகிறது. அதனை வளர்ச்சி உளநூல் என்பர். அத்துறையில் கொள்கைகள் பல உண்டு. எனினும் அக்கொள்கைகளைச் சோதித்துப் பார்க்கும் முறைகளே அதன் உயிர்நிலை. முறை பிழையானால் கொள்கை பிழைபடும். பிழைபட்ட கொள்கையினால் குழந்தைகளின் வாழ்வு கெடும். ஆதலின் இக்கட்டுரையில் கொள்கைகளைச் சுருக்கமாகவும், முறைகளைச் சற்று விரிவாகவும் காண்போம்.

1. வளர்ச்சி என்பது யாது?

உடல் நீளுவதும் எடை கூடுவதும் மட்டும் வளர்ச்சி ஆகா. தவழ்ந்த குழந்தை நடக்கிறது; மழலை மொழி பேச்சாகிறது; தன் விருப்பம் ஒன்றையே அறிந்த சிறுவன் பிறர் துன்பத்தையும் உணர்கிறான்; இளைஞன் குடும்பப் பொறுப்பை ஏற்கிறான்; முதியவர் தம் வாழ்வைத் திரும்பிப் பார்க்கிறார். கருவுற்ற நாள் தொடங்கி இறுதி நாள்வரை உடலிலும் அறிவிலும் உணர்ச்சியிலும் பிறரோடு பழகும் பழக்கத்திலும் நிகழும் ஒழுங்கான மாறுதல்கள் யாவும் வளர்ச்சியே ஆகும். குழந்தைப் பருவத்தோடு வளர்ச்சி முடிந்துவிடுகிறது என்ற பழைய எண்ணத்தை இக்கால ஆராய்ச்சியாளர் கைவிட்டனர்.

இம்மாறுதல்களைப் பற்றி இரண்டு வினாக்கள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. இவை பிறப்பிலேயே அமைந்தவையா, வளர்ப்பினால் வருபவையா என்பது முதல் வினா. சிறிது சிறிதாக இடையறாது நிகழ்பவையா, படிக்கட்டில் ஏறுவதுபோல் கட்டங் கட்டமாக நிகழ்பவையா என்பது இரண்டாம் வினா. கொள்கைகள் அனைத்தும் இவ்விரு வினாக்களுக்கும் கூறப்பட்ட விடைகளே எனலாம்.

2. முதன்மையான கொள்கைகள்

இங்கிலாந்து நாட்டு ஜான் லாக், 1690-இல் வெளிவந்த தம் நூலில், பிறக்கும்போது மனித உள்ளம் எழுத்தில்லாத வெள்ளைத்தாள் போன்றது என்றார். அனுபவமே அதில் எழுதுகிறது என்பது அவர் கருத்து. அமெரிக்காவில் வாட்சன் இக்கருத்தை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறு வடிவில் வலியுறுத்தினார். அவருக்கு நேர்மாறாக, அர்னால்டு கெசல் என்பவர், குழந்தை உரிய காலத்தில் தானாகவே முதிர்கிறது, பயிற்சி அதனை விரைவுபடுத்துவது சிறிதே என்றார்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியை வகுத்தவர்களுள் தலையாயவர் சுவிட்சர்லாந்து நாட்டு ழான் பியாஜே (1896–1980). குழந்தை தன் கைகளாலும் கண்களாலும் உலகைச் சோதித்துத் தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது. அக்கட்டுமானம் நான்கு கட்டங்களாக நிகழ்கிறது என்பது அவர் கொள்கை. அதே 1896-ஆம் ஆண்டில் ரஷ்யாவில் பிறந்த வைகோட்ஸ்கி, குழந்தை தனித்து அறிவதில்லை. தன்னினும் அறிந்த ஒருவரின் துணைகொண்டே அடுத்த படியில் கால்வைக்கிறது என்றார். 37 வயதில் காசநோயால் இறந்த அவருடைய கருத்துகள் மேலைநாடுகளில் பரவியது பல ஆண்டுகளுக்குப் பின்னரே. எரிக் எரிக்சன், 1950-இல் வெளியிட்ட நூலில், மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பகுத்து, முதுமைவரை வளர்ச்சி உண்டு என்று காட்டினார். ஜான் பௌல்பி என்பவர், தாயிடமோ தாயன்ன ஒருவரிடமோ குழந்தை கொள்ளும் பற்றே அதன் உளநலத்திற்கு அடிப்படை என்றார். பிரான்பென்பிரென்னர் 1979-இல், குழந்தையை வீடு, பள்ளி, பெற்றோரின் தொழில், நாட்டின் சட்டம், சமூக வழக்கம் என்னும் வட்டங்களின் நடுவே வைத்துக் காணவேண்டும் என்றார்.

இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பகுதி உண்மையைக் கண்டனர். இன்று ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர், பிறப்பும் வளர்ப்பும் ஒன்றோடொன்று கலந்தே செயற்படுகின்றன என்று கொள்கின்றனர். வித்தின் தன்மையும் நிலத்தின் தன்மையும் சேர்ந்தே விளைச்சல் ஆவதுபோல இதனைக் கருதலாம். நிற்க. இனி முறைகளைக் காண்போம்.

3. முறை தவறியதால் விளைந்த தீமை

நன்முறையின் அருமையை அறிய, தவறான முறை ஒன்றை முதலில் காண்பது நலம்.

1905-இல் பாரிஸ் நகரில் ஆல்பிரெட் பினே என்பவர், பள்ளியில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதற்காக ஓர் அறிவுச் சோதனையை அமைத்தார். அச்சோதனை, பிள்ளையின் அறிவு என்றும் மாறாதது என்று கூற எழுந்ததன்று. அவ்வாறு கூறுவோரை அவரே வன்மையாக மறுத்தார். ஆனால் அதனை அமெரிக்காவிற்குக் கொண்டுசென்ற ஹென்றி காடார்டு, அறிவுக் குறைவு பிறப்பினால் வருவது, தலைமுறை தலைமுறையாய்த் தொடர்வது என்று முடிவு செய்தார்.

அதனை மெய்ப்பிக்க 1912-இல் ஒரு குடும்பத்தின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அக்குடும்பத்திற்குக் கல்லிக்காக் என்று புனைபெயர் இட்டார். ஒரு போர்வீரன், அறிவு குன்றியவள் எனப்பட்ட சத்திரத்துப் பெண் ஒருத்தியோடு கூடியதால் ஒரு கிளையும், நற்குடிப் பெண்ணை மணந்ததால் மற்றொரு கிளையும் தோன்றின என்றும், முதற் கிளையின் 480 பேருள் 143 பேர் அறிவு குன்றியோர் என்றும், இரண்டாம் கிளையினர் 496 பேரும் பெரும்பாலும் மேன்மக்கள் என்றும் எழுதினார்.

இவற்றை அவர் எவ்வாறு அறிந்தார்? அவருடைய உதவியாளர் வீடு வீடாகச் சென்றார். உயிரோடிருந்தவர்களுள் பலரைத் தோற்றத்தையும் பேச்சையும் கண்ட அளவிலேயே அறிவு குன்றியோர் என்று எழுதிக்கொண்டார். இறந்துபோனவர்களைப் பற்றி ஊர் முதியோரைக் கேட்டு எழுதிக்கொண்டார். வறுமையும் அழுக்கும் நோயும் அறிவுக் குறைவின் அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன. முதற் கிளையினர் எத்தகைய குடிசையில் வாழ்ந்தனர், என்ன உண்டனர், பள்ளி அவர்களுக்கு இருந்ததா என்பனவற்றை நூல் காரணங்களாக ஆராயவில்லை. பின்னாளில் வமிச வரலாற்றை ஆராய்ந்தோர், முதற் கிளைக்குத் தலைவனாகக் காட்டப்பட்டவன் அப்போர்வீரனின் மகனே அல்லன் என்று கண்டறிந்தனர். கதையின் அடித்தளமே இடிந்து விழுந்தது.

காடார்டும் 1928-ஆம் ஆண்டளவில் தம் கருத்துகள் பலவற்றை மாற்றிக்கொண்டார். ஆனால் அதற்குள் தீமை விளைந்துவிட்டது. இத்தகைய நூல்கள் பரப்பிய எண்ணத்தின் துணையோடு பல மாநிலங்கள் கட்டாயக் கருத்தடைச் சட்டங்களை இயற்றின. 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதற்கு இசைந்தது. அந்நாட்டில் 20-ஆம் நூற்றாண்டில் 60,000-க்கு மேற்பட்டோர் இவ்வாறு மக்கட்பேறு இழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஏழைகள்.

கேள்விப்பட்டதை உண்மையெனக் கொண்டதும், முன்பே நம்பியதை மெய்ப்பிப்பதற்காகவே ஆராய்ந்ததும், சூழ்நிலையைக் கணக்கில் கொள்ளாததும் இவ்வாராய்ச்சியின் குற்றங்கள். பின்வந்த நன்முறைகள் யாவும் இக்குற்றங்களை நீக்கும் முயற்சிகளே என்று கருதலாம்.

4. நோக்குதலும் வினாவுதலும்

வளர்ச்சியை அறியும் எளிய முறை, குழந்தையை நேரில் நோக்கி நாட்குறிப்பு எழுதுவது. சார்லஸ் டார்வின் 1839-இல் பிறந்த தம் மூத்த மகனை அவ்வாறு நோக்கி எழுதிவைத்த குறிப்புகளை 1877-இல் வெளியிட்டார். இம்முறையில் நுட்பம் உண்டு. ஆனால் ஒரு குழந்தையைக் கொண்டு எல்லாக் குழந்தைகளையும் பற்றிப் பேச இயலாது. தந்தையின் கண் மகனிடம் குறை காண்பதும் அரிது.

அடுத்தது வினாவுதல். பியாஜே தம் இளமையில் பாரிஸ் நகரில் பிள்ளைகளுக்கு அறிவுச் சோதனை நடத்தும் பணியில் இருந்தார். சரியான விடைகளை எண்ணுவதே அவருக்கு இட்ட வேலை. அவரோ தவறான விடைகளில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டார். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே வகையாகத் தவறினர். ஆகவே, "நீ ஏன் அவ்வாறு நினைக்கிறாய்?" என்று அவர்களையே கேட்கலானார். பிள்ளையின் பிழையை இகழாமல் அதன் காரணத்தைக் கேட்ட அச்செயல், இத்துறையின் போக்கையே மாற்றியது.

ஆயினும் வினாவுதலிலும் இடர் உண்டு. எண்ணிக்கை ஒன்றே ஆன காசுகளை இரு வரிசைகளாக அடுக்கி, ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பி, "இப்போது எதில் மிகுதி?" என்று கேட்டால், 4, 5 வயதுப் பிள்ளைகள் பலர் நீண்ட வரிசையைக் காட்டுவர். எண்ணிக்கை மாறாது என்னும் அறிவு அவர்களுக்கு இல்லை என்று பியாஜே கொண்டார். 1974-இல் மெக்கேரிகிள், டொனால்ட்சன் என்னும் இருவர் ஸ்காட்லாந்தில் இதனைச் சிறிது மாற்றிச் செய்தனர். வரிசையை ஆராய்ச்சியாளர் கலைக்கவில்லை. குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று பெட்டியிலிருந்து வந்து கலைத்துவிட்டதாகக் காட்டினர். முன்முறையில் மிகச் சிலரே சரியாக விடை கூறினர். இம்முறையில் பாதிக்கு மேற்பட்டோர் சரியாகக் கூறினர்.

பிள்ளைகளின் அறிவு இதற்குள் வளர்ந்துவிடவில்லை. பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே ஒன்றைக் கலைத்துவிட்டு மீண்டும் அதே வினாவைக் கேட்டால், முன்பு கூறிய விடை தவறு போலும் என்று பிள்ளை கருதுவது இயல்பேயன்றோ? இதனால் நாம் அறிவது யாது? பிள்ளை விடை கூறாதபோது, குறை பிள்ளையிடம் உள்ளதா, கேட்ட முறையில் உள்ளதா என்று முதலில் ஆராய வேண்டும். ஆசிரியர்களும் பெற்றோரும் இதனை மனத்திற் கொள்ளுதல் நலம்.

பேசவே அறியாத கைக்குழந்தையிடம் எவ்வாறு வினவுவது? அதற்கும் வழி கண்டனர். குழந்தை புதியதை நெடுநேரம் பார்க்கும். பழகியதைவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்ளும். இராபர்ட் பேன்ட்ஸ் என்பவர் 1950-களின் இறுதி முதல், குழந்தை எதனை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்று அளந்து, அது எவற்றை வேறுபடுத்தி அறிகிறது என்று கண்டார். 1985-இல் பெய்லார்ஜோன் முதலிய மூவர் இம்முறையைக் கொண்டு, திரைக்குப் பின் மறைந்த பொருள் இன்னும் அங்கே இருக்கிறது என்பதை 5 மாதக் குழந்தையும் ஒருவாறு உணர்கிறது என்று காட்டினர். பியாஜே இவ்வறிவு 8, 9 மாதங்களுக்கு முன் தோன்றாது என்று எண்ணியிருந்தார். முறை நுட்பமாக ஆக, குழந்தையின் அறிவு நாம் எண்ணியதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

5. காலத்தைத் தொடர்ந்து செல்லுதல்

வளர்ச்சி காலத்தில் நிகழ்வது. ஆதலின் காலத்தை எவ்வாறு ஆராய்ச்சிக்குள் கொண்டுவருவது என்பது இத்துறைக்கே உரிய சிக்கல்.

ஒரே நாளில் 20, 40, 60, 80 வயதினரைக் கூட்டி ஒப்பிடுவது ஒரு முறை. இதனைக் குறுக்கு ஆய்வு என்பர். இது விரைவில் முடியும், செலவும் குறைவு. ஆனால் ஒரு பொறி இதில் உண்டு. இம்முறையில் சோதித்தவர்கள், அறிவாற்றல் இளமையிலேயே குறையத் தொடங்குகிறது என்றனர். முதியோர் குறைவாக விடை கூறியதற்கு முதுமை காரணமா, அவர்கள் காலத்தில் பள்ளிக் கல்வி அரிதாக இருந்தமை காரணமா என்று அம்முறையால் பிரித்தறிய முடியவில்லை.

ஒரே மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சென்று ஆராய்வது மற்றொரு முறை. இதனை நெடுக்கு ஆய்வு என்பர். வார்னர் ஷாயி என்பவர் 1956-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இரு முறைகளையும் இணைத்து ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய மக்களையே மீண்டும் சோதித்தார், புதியவர்களையும் சேர்த்துக்கொண்டார். அறிவாற்றல்களுள் பெரும்பாலானவை ஏறக்குறைய 60 வயதுவரை நிலைத்து நிற்கின்றன என்பது தெரிந்தது. முன்பு முதுமையின் குறையாகத் தோன்றியதில் பெரும்பகுதி, கல்வி பெறாத தலைமுறையின் குறையே ஆகும். கல்வி மறுக்கப்பட்ட ஒருவரை அறிவற்றவர் என்று கருதும் பிழை எவ்வளவு எளிதில் நேர்கிறது என்பதை இங்கே காண்கிறோம்.

நெடுக்கு ஆய்வும் குற்றமற்றதன்று. ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலர் இறப்பர். சிலர் ஊர் மாறுவர். எஞ்சியோர் அனைவருக்கும் எடுத்துக்காட்டு ஆகமாட்டார். தொடக்கத்தில் எவரைத் தேர்ந்தெடுத்தோம் என்பதும் முதன்மையானது. 1921-இல் லூயி டெர்மன் கலிபோர்னியாவில் அறிவுச் சோதனையில் உயர்ந்த மதிப்புப் பெற்ற 1,500-க்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்து, அவர்கள் வாழ்நாள் முழுதும் தொடரும் ஆராய்ச்சியைத் தொடங்கினார். போதிய மதிப்புப் பெறவில்லை என்று விலக்கப்பட்ட பிள்ளைகளுள் இருவர் வில்லியம் ஷாக்லி, லூயி ஆல்வரெஸ் என்போர். முன்னவர் 1956-இலும் பின்னவர் 1968-இலும் பௌதிகத்தில் நோபல் பரிசு பெற்றனர். தேர்ந்தெடுக்கப்பட்டோருள் எவரும் அப்பரிசைப் பெறவில்லை.

நெடுக்கு ஆய்வுகளுள் நம்மனோர் அறியத்தக்கது ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த கௌவாய்த் தீவில் நடந்தது. 1955-இல் அங்குப் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்னும் இரு பெண்மணிகளும் அவர்கள் குழுவினரும் தொடர்ந்து சென்றனர். அக்குழந்தைகளின் முன்னோருள் பலர் கரும்புத் தோட்டங்களில் கூலி வேலை செய்யப் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆராய்ச்சியாளர் அவர்களை 1, 2, 10, 18, 32, 40 ஆகிய வயதுகளில் மீண்டும் மீண்டும் கண்டனர்.

அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், வறுமை, கடினமான பிறப்பு, கல்லாத பெற்றோர், குடிப்பழக்கம், குடும்பப் பூசல் ஆகியவற்றுள் பலவற்றுக்கு ஒருங்கே ஆளானவர்கள். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் பள்ளியிலோ நடத்தையிலோ இடர்ப்பட்டனர். ஆனால் எஞ்சிய மூன்றில் ஒரு பங்கினரான 72 பேர், திறமையும் தன்னம்பிக்கையும் பிறரிடம் பரிவும் உடையவர்களாக வளர்ந்தனர். காரணம் யாது என்று தேடியபோது, குழந்தையின் இயல்பான இனிய குணம் ஒரு காரணமாய் இருந்தது. மற்றொன்று, அப்பிள்ளையை நெஞ்சார ஏற்றுக்கொண்ட நிலையான மனமுடைய ஒருவரேனும் இருந்தமை. அவர் தாயாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. பாட்டியாகவும் அக்காளாகவும் ஆசிரியராகவும் அயலாராகவும் இருந்தனர்.

இன்னும் வியப்பானது பின்னர்த் தெரிந்தது. இளமையில் இடர்ப்பட்டவர்களிலும் பெரும்பாலோர் 30, 40 வயதிற்குள் வாழ்வைச் சீர்ப்படுத்திக்கொண்டனர். முதியோர் கல்வி, ஒழுங்கான தொழிற்பயிற்சி, நல்ல மண வாழ்வு, தம்மை ஏற்ற ஒரு சமூகத்தின் துணை ஆகியன அவர்களுக்கு இரண்டாம் வாயிலைத் திறந்தன. ஆராய்ச்சி 18-ஆம் வயதோடு நின்றிருந்தால், அவர்கள் கெட்டொழிந்தவர்கள் என்றே முடிவு எழுதப்பட்டிருக்கும்.

6. சோதனை முறையும் அறநெறியும்

இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகாது. 1960-களின் இறுதியில் வால்டர் மிஷெல் என்பவர் அமெரிக்காவில் சிறுவர் பள்ளியொன்றில் பிள்ளைகளுக்கு மிட்டாய் காட்டி, "இப்போதே வேண்டுமானால் ஒன்று, நான் திரும்பி வரும்வரை பொறுத்தால் இரண்டு" என்றார். பொறுத்த பிள்ளைகள் பின்னாளில் கல்வியில் மேம்பட்டனர் எனப்பட்டது. பொறுமைக் குணமே வாழ்வைத் தீர்மானிக்கிறது என்று பலர் எழுதினர். 2018-இல் 900-க்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்டு மூவர் மீண்டும் ஆராய்ந்தபோது, குடும்ப நிலையைக் கணக்கில் சேர்த்தவுடன் அத்தொடர்பு மிகச் சுருங்கிவிட்டது. 2013-இல் நடந்த வேறொரு சோதனையில், முன்பே ஒருமுறை சொன்ன சொல்லைக் காப்பாற்றாத பெரியவருக்காகப் பிள்ளைகள் காத்திருக்கவில்லை. வாக்குறுதிகள் பொய்க்கும் வீட்டிலும் தெருவிலும் வளரும் பிள்ளை கைக்கு வந்ததை உடனே உண்பது குணக்கேடு ஆகுமா? அஃது அனுபவம் கற்பித்த அறிவு அன்றோ!

காரணத்தை உறுதியாக அறியும் வழி சோதனை முறையே. மக்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவிற்கு மட்டும் ஒன்றைச் செய்து, இரண்டையும் ஒப்பிடுவது அம்முறை. ஆனால் குழந்தைகளைக் கொண்டு எதையும் செய்து பார்க்கலாகாது. 1920-இல் வாட்சனும் அவர் உதவியாளரும் ஏறக்குறைய 11 மாதக் குழந்தையொன்றின் முன் வெள்ளெலியை விட்டுப் பேரொலி எழுப்பி, அதற்கு அச்சத்தை ஊட்டினர். அவ்வச்சத்தை நீக்காமலே விட்டுவிட்டனர். இன்று அத்தகைய சோதனைக்கு எந்த அறநெறிக் குழுவும் இசைவு தராது.

அறநெறியோடு சோதனை செய்வது எவ்வளவு கடினம் என்பதை ருமேனியா காட்டுகிறது. 1989-இல் அந்நாட்டு ஆட்சி கவிழ்ந்தபோது, ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அரசு விடுதிகளில் அன்பு காட்டுவாரின்றிக் கிடந்தமை உலகிற்குத் தெரியவந்தது. பின்னர்ப் புக்கரெஸ்ட் நகரில் நெல்சன், சீனா, ஃபாக்ஸ் என்னும் மூவர் தலைமையில் ஆராய்ச்சி தொடங்கியது. வளர்ப்புக் குடும்பங்கள் அப்போது அங்கே மிக அரிது. விடுதியிலிருந்த 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 68 பேருக்கு வளர்ப்புக் குடும்பம் அமைத்துக் கொடுத்தனர். மற்ற 68 பேர் வழக்கமான கவனிப்பில் இருந்தனர். விடுதிக் குழந்தை எதற்கும் வேறு வீடு கிடைத்தால் ஆராய்ச்சியின் பொருட்டுத் தடுப்பதில்லை என்றும் வரையறுத்தனர்.

நாலரை வயதில் அறிவுச் சோதனையின் சராசரி மதிப்பு, விடுதிக் குழுவில் ஏறக்குறைய 73, வளர்ப்புக் குடும்பக் குழுவில் 81, பெற்றோருடனே வளர்ந்த அவ்வூர்க் குழந்தைகளிடம் 109. இரண்டு வயதிற்குள் குடும்பம் பெற்றவர்கள் மிகுதியாகத் தேறினர். குலுக்கலால் பிரிக்கப்பட்டமையால், வேறுபாட்டிற்குப் பிறப்பைக் காரணம் காட்ட இடமில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை, கடுமையான ஊனமுற்றோர் நீங்கலாக, விடுதியில் சேர்ப்பதை ருமேனியா 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்தது.

7. நம் நாட்டுச் சான்றுகள்

மேலே கண்டவற்றுள் மிகுதியானவை மேலைநாட்டு ஆராய்ச்சிகள். சில நாட்டுப் பிள்ளைகளை மட்டும் அளந்து மனித இனம் முழுமைக்கும் விதி கூறுவது சரியன்று என்பதை இன்று அத்துறையினரே ஒப்புகின்றனர். ஆகவே நம் நாட்டில் நடந்த ஆராய்ச்சிகளையும் அறிதல் வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் ஏறக்குறைய 8,500 குழந்தைகளின் வளர்ச்சியை அளந்தது. நம் நாட்டுக் குழந்தைகள் தெற்கு டில்லியில் வாழ்ந்தவர்கள். தாய்ப்பாலும் தூய்மையும் மருத்துவ வசதியும் பெற்ற குழந்தைகளே எல்லா நாடுகளிலும் தேர்ந்துகொள்ளப்பட்டனர். அவ்வசதிகள் ஒத்திருந்தபோது 5 வயதுவரை அவர்களுடைய உயர வளர்ச்சியும் பெரிதும் ஒத்திருந்தது. நம் நாட்டுக் குழந்தைகள் பலர் குட்டையாய் இருப்பதற்கு இனமே காரணம் என்ற எண்ணத்தை இவ்வளவை தளர்த்திவிட்டது. துணையின்றி நடக்கத் தொடங்கும் வயதோ 8 மாதம் முதல் ஏறக்குறைய 17½ மாதம்வரை பரந்திருந்தது. ஆகவே பக்கத்து வீட்டுக் குழந்தை முந்தி நடந்ததென்று தாய்மார் கலங்க வேண்டியதில்லை.

2002-இல் தொடங்கிய "இளம் வாழ்வுகள்" என்னும் நெடுக்கு ஆய்வு, எத்தியோப்பியா, இந்தியா, பெரு, வியட்நாம் ஆகிய 4 நாடுகளில் 12,000 பிள்ளைகளைத் தொடர்ந்தது. நம் நாட்டில் அது அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் நடந்தது. ஏழாண்டு இடைவெளியில் பிறந்த இரு குழுக்களை ஒருங்கே தொடர்ந்தமையால், வயதினால் வந்த மாறுதல் எது, காலத்தினால் வந்த மாறுதல் எது என்று பிரித்தறிய வழி பிறந்தது.

இறுதியாக, நாம் ஆழ்ந்து எண்ணவேண்டிய சோதனை ஒன்று. 2003-இல் உத்தரப் பிரதேசத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இரு பொருளியல் ஆராய்ச்சியாளர், 6, 7-ஆம் வகுப்புச் சிறுவர்களைக் கொண்டு அதனை நடத்தினர். உயர்ந்தவை எனப்படும் சாதிகளிலிருந்து 321 பேர். தாழ்ந்தவை என்று இகழப்பட்ட சாதிகளிலிருந்து 321 பேர். தாளில் வரைந்த சிக்கலான பாதைகளினூடே வழி கண்டுபிடிப்பது வேலை. கண்டுபிடித்த வழிகளுக்குக் காசு உண்டு. சாதி வெளியிடப்படாத குழுக்களில் இருசாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேறு குழுக்களில், வேலை தொடங்குமுன் ஒவ்வொரு சிறுவனின் பெயரும் ஊரும் தந்தை பாட்டன் பெயர்களும் சாதியும் அனைவர் முன்னும் படிக்கப்பட்டன. அக்குழுக்களில் இகழப்பட்ட சாதிச் சிறுவர்கள் கண்டுபிடித்த வழிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

சாதியைப் படித்த அந்தச் சில நிமிடங்களில் அவர்களுடைய மூளை மாறிவிட்டதா? இல்லை. மாறியது அவர்கள் நின்ற சூழ்நிலை. ஒரு சோதனையைக் கொண்டே முடிந்த முடிவு கட்டலாகாது என்பதையும், பல இடங்களிலும் மீண்டும் செய்து பார்க்கவேண்டும் என்பதையும் மறக்கலாகாது. ஆயினும் வகுப்பறையில் எல்லார் முன்னிலையிலும் சாதியைக் கேட்டு எழுதும் ஆசிரியர், அப்பிள்ளையின் விடைத்தாளிலும் கைவைக்கிறார் என்று ஐயுற இச்சோதனை போதிய இடந்தருகிறது.

8. தொகுப்புரை

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை விளங்கும். பிறப்பே ஒருவனின் முடிவைத் தீர்மானிக்கிறது என்ற கருத்து, கேள்வியையும் தோற்றத்தையும் நம்பிய ஆராய்ச்சியில் வலிமை பெற்றது. ஒப்பிட்டும் குலுக்கிப் பிரித்தும் நாற்பதாண்டு பொறுமையோடு தொடர்ந்தும் நோக்கிய ஆராய்ச்சியில் அது தளர்ந்தது. பிறப்பின் கூறு இல்லையென்பதன்று. அஃது ஒன்றே முடிவன்று என்பதே பொருள். அவ்வாறே, வளர்ப்பு ஒன்றே எல்லாம் என்று கூறுவதும் மிகை. கௌவாய்த் தீவில் பலரைக் காத்தவற்றுள் இயல்பான குணமும் ஒன்று அன்றோ?

ஆகவே, ஒரு பிள்ளையைப் பற்றியோ ஒரு மக்கட் கூட்டத்தைப் பற்றியோ எவரேனும் தீர்ப்புக் கூறினால், நாம் ஐந்து வினாக்களைக் கேட்போமாக. இதனை எவ்வாறு அறிந்தீர்? எத்தனை பேரை, எவ்விடத்தில் கண்டீர்? எவரோடு ஒப்பிட்டீர்? அவர்களின் உணவையும் கல்வியையும் சூழ்நிலையையும் கணக்கில் கொண்டீரா? எத்தனை ஆண்டு தொடர்ந்து நோக்கினீர்? இவ்வினாக்களுக்கு விடை கூறாத தீர்ப்பை, அதனைக் கூறுபவர் எவ்வளவு பெரியவராயினும், நாம் ஏற்கவேண்டியதில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நம் தெருப் பிள்ளைகளுக்கும் நாம் ஒவ்வொருவரும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. தம்மை நெஞ்சார ஏற்று, சொன்ன சொல்லைக் காத்து, "நீ ஏன் அவ்வாறு நினைக்கிறாய்?" என்று பொறுமையோடு கேட்கும் ஒருவராக இருத்தல். இதற்குச் செல்வம் வேண்டியதில்லை. பள்ளியை விட்டு நின்ற இளைஞனும் காலங் கடந்தவன் அல்லன்; இரவுப் பள்ளியின் கதவு அவனுக்குத் திறந்திருக்கட்டும்.

பயிற்சி வினாக்கள்

1. குறுக்கு ஆய்வுக்கும் நெடுக்கு ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு யாது? ஒவ்வொன்றின் குறையையும் கூறுக.

2. கல்லிக்காக் குடும்ப ஆராய்ச்சியின் குற்றங்களை விளக்குக.

3. கரடிப் பொம்மைச் சோதனையிலிருந்து ஆசிரியர்கள் கற்கவேண்டியது யாது?

4. புக்கரெஸ்ட் ஆராய்ச்சியில் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது ஏன்? அதில் எழும் அறநெறி வினாவை ஆராய்க.

5. உத்தரப் பிரதேசச் சோதனையை உங்கள் ஊரில் மீண்டும் செய்வதாயின், பிள்ளைகளின் மனம் புண்படாதவாறு அதனை எவ்வாறு அமைப்பீர்கள்?